மேட்டுக்கு வாங்கிய கியர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் செத்துப்போன நாத்தனார் விட்டுப்போனவை. ஆறு பேரையும் சமைத்துப் போட்டே ஆளாக்கினேன், ஊருக்கும் சேர்த்து. கல்யாணம், காதுகுத்து, கோயில் சாப்பாடு, எதுவானாலும் என் அண்டா என் காரில்தான் போகும். இந்த வருஷம்வரை வாடகை லாரியில் அது ஏறியதே இல்லை.

கார் பழசு. பின்சக்கரம் தள்ளி ஓடுகிற நீளக் கார். பின்கதவைத் தூக்கினால் ஒரு கல்யாணச் சமையல் உள்ளே போகும். போன வருஷம் ஆயர் தாவார் பக்கம் கோயில் மேட்டில் ஏறும்போது அதன் பின் அச்சு ஊளையிட ஆரம்பித்தது. நாங்கள் முன்பு ரப்பர் வெட்டிய தோட்டம் அது. இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. ஜனம் எங்கெங்கோ போய்விட்டாலும் முனியாண்டி செம்மண் மேட்டின் தலையில் அப்படியே இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் திருவிழாவுக்கு வருவார்கள். அன்றைய சாப்பாடு என்னுடையது.

குனோங் ராபாட்டில் பட்டறை வைத்திருப்பவர் அச்சைப் பிரித்துப் பார்த்தார்.

"அக்கா, கியர் பல்லு எல்லாம் தின்னு போச்சு. கம்பெனி சாமான் இனிமே வராது. வேற ஆளு செஞ்சது கோலாலம்பூர்ல இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க."

"பல்லுல என்னப்பா வகை இருக்கு?"

"இஞ்சின்லேர்ந்து வர்ற தண்டு மூணே முக்கால் சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து சுத்தும். அது ஓட்டத்துக்கு. இன்னொண்ணுல தண்டு நாலரை சுத்து சுத்தணும். அது இழுவைக்கு. ஓடுறது இழுக்காது, இழுக்கறது ஓடாது."

எனக்குப் புரிந்தது. பெரிய கரண்டியால் அள்ளினால் சீக்கிரம் முடியும், தோள் போய்விடும். சின்னக் கரண்டியால் பல தடவை அள்ள வேண்டும், தோள் தங்கும்.

கார் ஓட்டுவது என் கடைசி மகன். அதில்தான் தைப்பிங் வேலைக்குப் போய் வருகிறான்.

"மா, மேடு வருஷத்துல ஒரு நாள். நான் தினம் ஹைவேல போறேன். இழுவை போட்டா இஞ்சின் கத்திக்கிட்டே வரும்லா. பெட்ரோல் எண்ணெயும் நிறையக் குடிக்கும்."

"கார் யாரு பேர்ல இருக்கு?"

"உன் பேர்லதான். ஸ்டேரிங்தான் என் கையில."

பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "நடுவுல ஒண்ணு இருக்கு, பழைய அளவே" என்றார்.

"பழைய அளவுதானே மேட்டுல ஊளை விட்டுச்சு? இழுவையே போடு."

"சரி. ஆனா உள்ள இருக்கற பெரிய பல்சக்கரமும் சின்ன பல்சக்கரமும் ஜோடியாத்தான் போடணும். ஒண்ண மட்டும் மாத்தினா ரெண்டும் போயிரும்."

"புருஷன் பொஞ்சாதி மாதிரியாண்ணே?" என்றான் மகன்.

"அதுங்க சண்டை போட்டுக்கிட்டே ஓடும். இது ஓடாது தம்பி."

சிரித்தாலும் அவன் முகம் தொங்கித்தான் போனது. எனக்கும் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. இந்த வயதில் ஒன்றைக் கேட்டு வாங்குவதே பெரிய அலுப்பு.

சாமான் வந்துசேரத் தாமதமாகிவிட்டது. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் மாட்டினார்கள். சாவி கொடுக்கும்போது பட்டறைக்காரர் சொன்னார்: "முதல் எண்ணூறு கிலோமீட்டருக்குச் சுமை வேணாம், மேடும் வேணாம். கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, ஆற விடுங்க. பல்லும் பல்லும் பழகணும்."

எங்கள் வழக்கம் வேறு. புது வண்டியோ, பிரித்துப் பூட்டின வண்டியோ, முதல் ஓட்டம் சாமியிடம்தான். அதுவும் வெறும் வண்டியாகப் போகாது; வீட்டு ஜனம் மொத்தமும் சாமானும் அடைத்துக்கொண்டு போகும். கோயில் தலைவர் போனில், "அண்டாவோட நேரா மேல ஏத்துங்கக்கா, முனி பாத்துக்குவாரு" என்றார்.

மகன் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்தான். "மேட்டுக்குன்னு நீ கேட்டு வாங்குன பல்லு. இப்பவே இழுத்தா அப்புறம் எப்பவுமே இழுக்காது. நீயே சொல்லுமா."

அவன் வேண்டாமென்ற கியர். அதற்காக அவனே பேசினான். நானும் அவனோடு சேர்ந்து கூடைப் பூண்டையும் உரித்து முடித்தேன்.

"லாரிக்குச் சொல்லு" என்றேன்.

திருவிழா அன்று அண்டாக்கள் லாரியில் போயின. நாங்கள் வெறும் காரில், வழியில் நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டுப் போனோம். சாமியிடம் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சுருட்டும் எலுமிச்சம்பழமும் முந்தானையில் முடிந்திருந்தேன். முனிக்குப் பிடித்தது சுருட்டு. அதற்கு எடை ஏது?

மேட்டடியில் மகன் காரைச் செம்பனை நிழலில் நிறுத்தினான். "இதுக்கு மேல வேணாம்மா. நீயும் சுமைதான்."

நடந்தேன். முட்டி ஒவ்வொரு அடிக்கும் பேசியது. என் அண்டாக்கள் கடகடவென்று லாரியில் என்னைத் தாண்டிப் போயின. "ஏறிக்கங்க பாட்டி" என்று மேலிருந்து கூப்பிட்டார்கள். ஏறவில்லை.

மேலே தலைவர் கேட்டார்: "கார் எங்கக்கா?"

"கீழ பழகிக்கிட்டு இருக்கு."

சாப்பாடு குறைவில்லாமல் முடிந்தது. எதில் வந்தது என்று சாப்பிட்டவர்கள் யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

இப்போது எண்ணூறும் ஓடி முடிந்தது. ஹைவேயில் இஞ்சின் கத்துகிறதாம். மகன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறான். அடுத்த வருஷம் கார் அண்டாவோடு அந்த மேட்டில் ஏறும். முன்சீட்டில் நானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போதும், வாய் வலிக்கிறது. பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, அதை முதலிலிருந்து வாசி பார்ப்போம். மெதுவாக வாசி. மூணே முக்கால் எது, நாலரை எதுவென்று மாற்றி எழுதியிருந்தால் கார் ஓட்டுகிற உன் அப்பன் சிரிப்பான்.