யாரு என்ன உடைச்சீங்க?

ஸ்டெல்லா அக்கா இறந்துபோன செய்தி அவருடைய கைப்பேசியிலிருந்தே எங்களுக்கு வந்தது.

பூச்சோங்கில் லோரி சாமான் கடை வைத்திருக்கிறேன். அன்று காலை, பிரேக் சாமான்களை அனுப்பாமல் இழுத்தடித்த ஓர் ஆளிடம் கடைத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. 'ரம்பம்' என்று பெயர் வைத்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் பெயர். அவர் தினமும் காலையில் அனுப்பும் வரிதான் என்று நினைத்தேன். "குட்மார்னிங். யாரு என்ன உடைச்சீங்க?" என்று கேட்காமல் அவருக்கு விடியாது. அன்றைக்கு ஏனோ தாமதம். திறந்து பார்த்தால், "ஸ்டெல்லா காலமாகிவிட்டாள். நெஞ்சு வலி. சவரி" என்று இருந்தது. அவருடைய கணவர் சவரி அண்ணனிடம் எங்கள் யாருடைய எண்ணும் இல்லை. மனைவியின் கைப்பேசியில் முதலில் தென்பட்ட குழுவில் எழுதிவிட்டார். தொலைபேசியில் அந்த ஆள் "ஹலோ, ஹலோ பாஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "நீ மெதுவாவே அனுப்பு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அக்கா வெட்டிக் கொடுத்த ஒரு மயிலோ, கிறிஸ்துமஸ் நட்சத்திரமோ, சூடான சட்டியை வைக்கும் கோலப் பலகையோ இருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் மரம் வெட்டும் ஸ்க்ரோல் சா என்பது தையல் மிஷின் மாதிரி மேசையில் உட்காரும் ரம்பம். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு பிளேடு ஏறி இறங்கும். அது நின்ற இடத்திலேயே நிற்கும். பலகையை நாம்தான் கையால் திருப்பவேண்டும். பலகையின் நடுவில் வெட்டவேண்டும் என்றால் சின்னத் துளை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் கோத்து, மறுபடி மாட்டவேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு அது ஒத்துவராது. எனக்கு இருதயத்தில் பைபாஸ் செய்த பிறகு, "ஏதாவது அமைதியான பொழுதுபோக்கு பிடிங்க" என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் நான் இதில் வந்து மாட்டினேன்.

கிள்ளானில் அக்காவின் வீட்டுக் கார் போர்ச்சில்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். காரை வெளியே தெருவில் விட்டுவிட்டு அந்த இடத்தில் மேசைகளைப் போட்டுவிடுவார். அக்கா பூசை முடிந்து வந்து, தேவாலயத்துக்குக் கட்டிய சேலையின் மேலேயே ஏப்ரனை மாட்டிக்கொள்வார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். வேலைக்காலம் முழுக்கப் பல் செட் செய்யும் லேபில் இருந்தவர். "என் நுரையீரல்ல பாதி அடுத்தவங்க பல்லுதான்" என்பார். அதனால் தூசி விஷயத்தில் மட்டும் கொடுங்கோல் ஆட்சி. முகமூடியும் கண்ணாடியும் போடாமல் யாரும் அவர் மிஷின் பக்கம் போக முடியாது. மிஷின் ஓடும்போது அவரும் கழற்றமாட்டார்.

முதல் நாள் நான் ஒரு பிள்ளையாரை வெட்ட உட்கார்ந்தேன். தும்பிக்கையில் வளைவு வந்ததும் பலகையைத் தள்ளினேன். டப்பென்று பிளேடு அறுந்தது. மாற்றினேன், தள்ளினேன், அதுவும் போனது. "சனியன் பிடிச்ச மிஷின்!" என்று மேசையைத் தட்டினேன். செரி கெம்பாங்கானிலிருந்து வரும் லெட்சுமி டீச்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார். அக்கா அசையவில்லை. "லோரிக்கு பிரேக் விக்கிறவனுக்கு பிரேக்கே இல்லயே லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். என்னிடம் அப்படிப் பேசிவிட்டு அவ்வளவு எளிதில் தப்பித்தவர்கள் அதிகம் இல்லை.

அக்காவின் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. நன்றாக வந்ததை யார் வேண்டுமானாலும் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். உடைந்ததைக் கட்டாயம் காட்டவேண்டும். அதிலும், உடைத்தவனே தன் கைப்பேசியில் படம் எடுத்துக் குழுவில் போடவேண்டும். "நல்லா வந்ததப் பாத்தா பொறாமைதான் வரும். உடைஞ்சதப் பாத்தாதான் எங்க உடையும்னு தெரியும்" என்பது அவர் கட்சி. நன்றாக வந்தவற்றை அவரே படம் எடுப்பார். சுவர் ஓரமாக வெள்ளைத் துணி விரித்து, வெளிச்சம் பார்த்து, எங்களையும் பக்கத்தில் நிற்க வைத்து, "கணேசு, பல்லக் காட்டு, காசா கேட்டேன்?" என்று என்னை அதட்டி எடுப்பார். யார் என்ன மாதிரிப் படம் கேட்டாலும் அதன் பேட்டர்னை வரைந்து, நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர்கள் திருப்பிச் செய்யவேண்டியது ஒன்றுதான்: எங்கே உடைந்தது என்று சொல்லவேண்டும்.

இறந்தவர்களின் முகத்தை வெட்டித் தரச் சொல்லிச் சிலர் அக்காவிடம் வருவார்கள். முகம் வெட்டுவது எங்கள் வேலையில் கடினமானது. நிழல் விழும் இடங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் கறுப்புப் பலகை ஒட்டினால், மீதி நிற்கும் மரம் முகமாகத் தெரியும். கண்ணுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஒளிப் புள்ளியை மயிரிழை அளவு மரம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அது போனால் கண் குருடாகிவிடும். அக்கா முகம் முழுவதையும் தனியாக வெட்டி முடிப்பார். கண் வரும்போது நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர்களை வரச்சொல்வார். பக்கத்தில் ஆள் உட்காராமல் அவர் ஒரு கண்ணையும் வெட்டியதில்லை.

ஒருமுறை கேரித் தீவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இருந்தது ஐசி என்கிற அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், காவல் நிலையத்தில் எடுத்தது மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, "உங்கப்பா எப்படிம்மா பாப்பாரு?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு யோசித்துச் சொன்னார்: "நேரா பாக்கமாட்டாரு ஆன்டி. கொஞ்சம் கீழ பாப்பாரு. எங்ககிட்ட பேசும்போதுகூட அப்படித்தான்." அக்கா பென்சிலை எடுத்து இமைக்கோட்டைக் கீழே இறக்கி வரைந்தார். அந்தப் பெண் அங்கேயே அழுதுவிட்டார். அவர் போன பிறகு, "எங்க கோயில்ல சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி இருக்கே அக்கா" என்றேன். "உங்க சிற்பி திரை போட்டுட்டுத் திறப்பாரு கணேசு. எனக்கு சாட்சி வேணும்" என்றார்.

இதெல்லாம் நடக்கும்போது சவரி அண்ணன் வீட்டுக்குள் இருப்பார். மிஷின் சத்தம் அவருக்கு ஆகாது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அக்கா மிஷினின் வேகத்தைக் கூட்டுவார். பன்னிரண்டு மணிவாக்கில் கதவு கொஞ்சம் திறக்கும், "சாப்பாடு?" என்று ஒரு குரல் வரும். "மேசையில இருக்கு!" என்று இங்கிருந்து பதில் போகும். அவர்கள் பேசி நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும், முப்பதாம் நாள் பூசைக்கு அக்காவின் முகத்தை வெட்டி வைக்கவேண்டும் என்று குழுவில் முடிவானது. எத்தனையோ பேரை மரத்தில் பார்க்க வைத்தவருக்கு நாங்கள் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? யார் வெட்டுவது என்று வந்தபோது லெட்சுமி டீச்சர் என்னைக் கை காட்டினார். "நீங்கதான் உடைக்க வேண்டிய எல்லா எடத்துலயும் உடைச்சிட்டீங்க. புதுசா உடைக்க ஒண்ணும் பாக்கி இல்ல" என்றார். மறுக்க வழியில்லை. அந்த வாரம் முழுக்கக் கடையில் நான் யாரையும் திட்டவில்லை. பயம்தான் காரணம். அக்காவின் முகம் என் கையில் கெட்டுப்போய்விட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போய் எப்படி நிற்பேன்?

வெட்டுவது இருக்கட்டும், வெட்ட முகம் வேண்டுமே. குழுவில் இத்தனை வருடமாக வந்த நல்ல படங்களை எல்லாம் தேடினோம். நாங்கள் இருக்கிறோம், எங்கள் மயில்களும் மான்களும் இருக்கின்றன, அக்கா இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தானே! ஷா ஆலாமிலிருந்து வரும் ஹாமிட் எடுத்திருந்த இரண்டு மூன்று படங்களில் அக்கா இருக்கிறார். முகமூடியும் கண்ணாடியும் இருக்கின்றன, முகம் இல்லை. அடக்கத்தின்போது வைத்திருந்தது பழைய பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது. அதில் இருந்த பெண்மணியை எங்களில் யாருக்கும் தெரியாது. சவரி அண்ணனிடம் கேட்டோம். கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, "இதுக்கப்புறம் எடுக்கவே இல்லயே" என்றார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

கண்டுபிடித்தவர் லெட்சுமி டீச்சர். என்னைக் கூப்பிட்டு, "கணேசன், நல்ல படத்த விடுங்க. உடைஞ்ச படமெல்லாம் பாருங்க" என்றார். பார்த்தேன். உடைந்ததை உடைத்தவன்தான் எடுக்கவேண்டும் என்பது சட்டம். அக்காவின் கையில் அப்போது கைப்பேசி இருக்காது. ஹாமிடின் முறிந்த மான் கொம்புக்குப் பின்னால் அக்கா. டீச்சரின் பிளந்துபோன கோலத்துக்குப் பின்னால் அக்கா. யாருடையது உடைந்தாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து நின்றிருக்கிறார். என் படங்களில்தான் அதிகம் இருந்தார், அதைச் சொல்லவும் வேண்டுமா. கழுத்து முறிந்த ஒரு மயிலின் படம். அது எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு மகளுக்குக் கொடுப்பதற்காக வாரக்கணக்கில் வெட்டி, கடைசி வளைவில் முறிந்தது. அடுப்பில் போடப் போனேன். படம் எடுத்துவிட்டுப் போடு என்றார் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். அந்தப் படத்தில் மயிலுக்குப் பின்னால் நிற்கும் அக்கா மயிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அன்று கழுத்து மட்டும்தான் தெரிந்தது. கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தையே வைத்துப் பேட்டர்ன் வரைந்தோம். ரப்பர் மரப் பலகையில் ஒட்டி, அக்காவின் மிஷினிலேயே, அவர் போர்ச்சிலேயே வெட்டினேன். முடி, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி, தாடையில் தொங்கும் முகமூடி, கன்னம் எல்லாம் வந்துவிட்டன. கண் மட்டும் பாக்கி. படத்தில் அவர் பின்னால் நின்றதால், பெரிதாக்கினால் கண் இரண்டும் வெறும் கறுப்புத் திட்டுகளாகத்தான் தெரிந்தன. நாங்களாக ஊகித்து இரண்டையும் ஒரே அளவில் வரைந்திருந்தோம். மிஷினை நிறுத்தினேன். கதவைத் தட்டி, "சவரி அண்ணே, கொஞ்சம் வந்து பக்கத்துல உக்காருங்க" என்றேன்.

வந்தார். அந்தப் போர்ச்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவின் கேள்வியை நான் கேட்டேன்: "அக்கா எப்படிண்ணே பாப்பாங்க?"

"எனக்கு என்னப்பா தெரியும்? அவ இங்க இருப்பா. நான் உள்ள டிவி பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மேல் அந்த மனிதரை எப்படிக் கேட்பது? வரைந்தபடியே வெட்டிவிடலாம் என்று துளைக்குள் பிளேடைக் கோத்தேன். சுவிட்சில் கை வைத்தேன். "இருப்பா, இருப்பா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இடது கண்ணு இவ்ளோ பெருசு இல்ல. சிரிச்சா அது பாதி மூடிக்கும். வலது கண்ணுலதான் பாப்பா."

பென்சிலால் குறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

குறைத்தேன்.

"கோடியில ஒரு சுருக்கம் விழும். மேல இல்லப்பா, கீழ. ஆங்... அங்கதான்."

மிஷினைப் போட்டேன். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது என்பது பாதியில்தான் நினைவுக்கு வந்தது. அவர் எழுந்து போகவில்லை. முடிகிற வரைக்கும் பலகையின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். ஒளிப் புள்ளி நின்றது. தூசியை ஊதிவிட்டு, பின்னால் கறுப்புப் பலகையை வைத்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். "வந்துட்டியா" என்றார்.

முப்பதாம் நாள் பூசையில் பீடத்துக்குப் பக்கத்தில் அந்த முகம் இருந்தது. இப்போது அது சவரி அண்ணன் வீட்டில், தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. அக்காவின் எண்ணை நாங்கள் குழுவிலிருந்து எடுக்கவில்லை. காலை வணக்கம் யாரும் சொல்வதில்லை. உடைந்ததை மட்டும் விடாமல் போட்டுவருகிறோம். எனக்குக் கோபம் குறைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், கடையில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அக்காவிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது ஒரு சின்னப் பழக்கம். போன வாரம் ஒரு குத்துவிளக்கின் தண்டு முறிந்தது. திட்டி முடித்துவிட்டு, மேசையில் வைத்துப் படம் எடுத்தேன். கிட்டே போய் எடுக்கவில்லை. எதை உடைத்தாலும் இப்போது ஓர் அடி தள்ளி நின்று, பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் எடுக்கிறேன்.