லைனை நிறுத்திய ஜரீனா அக்கா

ஜரீனா அக்கா போய்விட்டார். இன்று காலை, வாலாஜாபாத்தில், நெஞ்சுவலி... சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவர் மகள் போன் செய்தாள். "நோன்பு மாசத்துல போறது பாக்கியம்க்கா" என்று என்னைத் தேற்றியதும் அவள்தான்.

ஒரகடத்தில் சார்ஜர் அசெம்பிளி லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர். வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாய்தான் எங்களுக்கு ஜெயித்துக் கொடுத்தது.

அப்போது செகண்ட் ஷிஃப்ட்டில் டீ பிரேக் ஐந்து மணிக்கு. நோன்பு திறப்பதோ சூரியன் மறைந்த பிறகு. அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கக்கூட லைனை விட்டு நகர முடியாது.

ரம்ஜானில் மட்டும் பிரேக்கைத் தள்ளி வைக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். சூப்பர்வைசர் காதிலேயே வாங்கவில்லை.

ஒருநாள் கேண்டீனில் அக்கா டீ குடிப்பதை அவர் பார்த்துவிட்டார். எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, நோன்புன்னு சொல்லிட்டு டீ குடிச்சிகினு கீற? இதுக்குத்தான் பிரேக் கேட்டியா?"

இனி பிரேக் கிடைத்த மாதிரிதான்...

அக்கா டம்ளரைக் கீழேகூட வைக்கவில்லை.

"பீரியட்ஸ் சார். இந்த நாள்ல பொம்பளைங்களுக்கு நோன்பும் இல்ல, தொழுகையும் இல்ல. வுட்ட நோன்ப அப்பாலிக்கா வைப்பேன். எங்க மார்க்கமே லீவு குடுத்துகீது. உங்களுக்கு ஒரு டீ பிரேக்க தள்ளி வைக்க மனசு வரல!"

கேண்டீன் முழுக்கக் கைதட்டல். அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் ஐந்து மணிக்கு யாருமே பிரேக்குக்குப் போகவில்லை. "அக்காவோடதான் சார் குடிப்போம்." அந்த வாரமே நேரம் மாறியது.

முதல் நாள், சூரியன் மறைந்து மக்ரிப் நேரம். லைன் நின்றது. அக்கா எல்லோர் கையிலும் பேரீச்சம்பழம் வைத்தார்.

"பழந்தான் ஃபர்ஸ்ட்டாக்கா?" என்றாள் மணிமங்கலம் கல்பனா.

"நபி அப்டித்தாண்டி நோன்பு திறந்தாங்க. துன்னு மொதல்ல."

அப்புறம் நோன்புக் கஞ்சி. இஞ்சி வாசனையோடு... ஜெயித்த கஞ்சி இல்லையா, இரண்டு டம்ளர் குடித்தேன்.

பெருநாள் முடிந்த பிறகு, விட்ட நோன்புகளைத் தனியாக வைத்தார். நாங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட, கதை பேசிக்கொண்டிருப்பார். அதே சூப்பர்வைசர் வந்து, "இன்னிக்கி நோன்பாம்மா? பாங்கு நேரத்துக்குப் போய்ட்டு வா" என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இன்று சாயங்காலமும் லைன் நிற்கும். புதிதாக வந்த பெண்கள் யாரையும் கேட்காமல் நோன்பு திறக்கப் போவார்கள்.

போய் வாங்க ஜரீனாக்கா. உங்க பிரேக்ல யாரும் கை வைக்க மாட்டாங்க.