மூன்று நிமிடச் சட்டம்

ஹம் நகரில் சனிக்கிழமைக் காலைகளில், ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் இரவல் வகுப்பறையில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். கிழமையின் மற்ற நாளெல்லாம் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவனை அங்கே பன்னிரண்டு பிள்ளைகள் ‘சேர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே சம்பளம் இல்லாமல் முகம் மழித்துக்கொண்டு வருகிறேன்.

அந்தப் பள்ளித் தவணையில், நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி எங்கள் தமிழ்ப் பள்ளி அதிபர் கேட்டார். ஜேர்மன் நாடாளுமன்றத்தை எடுத்திருக்கலாம். ஆனால் இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. எது எதற்கு என்று இன்றைக்கும் மனைவியைக் கேட்டுத்தான் போடுகிறேன். ஆகவே லக்சம்பேர்க்கைப் பிடித்தேன். பாரிசுக்குக் கலியாணங்களுக்குப் போகிற வழியில் மலிவாகப் பெற்றோல் அடிக்கிற நாடு. சின்ன நாடு, சின்னப் பாடம் என்பது என் கணக்கு.

கரும்பலகையில் எழுதினேன். ஒரே ஒரு சபை, அறுபது உறுப்பினர்கள். ஒரு சட்டத்துக்கு இரண்டு தரம் வாக்கெடுப்பு. அவசரத்தில் பிழை விடாமலிருக்க, நடுவே மூன்று மாதமாவது போகவேண்டும். அரச ஆலோசனைச் சபை என்று தனியாக ஒன்று உண்டு. அது சட்டத்தைப் படித்துப் பார்த்து, இரண்டாம் தரம் தேவையில்லை என்று ஒத்துக்கொண்டால் அந்த மூன்று மாதமும் மிச்சம். கடைசியில் அரசர் மாதிரி ஒருவர், கிராண்ட் டியூக் என்பார்கள், கையெழுத்து வைத்துச் சட்டத்தை நாட்டுக்கு அறிவிப்பார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து அறுபது பேரை எப்படிக் காட்டுவது? ஒரு கைக்கு ஐந்து விரல். ஆகவே ஒரு கை தூக்கினால் ஐந்து வாக்கு என்றேன். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வகுப்புக்கு வெளியே விறாந்தையில் தேத்தண்ணிப் போத்தலோடு காத்திருந்த தாய்மாரை அரச ஆலோசனைச் சபை ஆக்கினேன். என் மனைவியும் அதில் ஒருத்தி. கிராண்ட் டியூக் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கண்ணாடி போட்ட ஒரு பிள்ளையைச் சபாநாயகராக்கி, “இனி நீங்களே ஒரு சட்டம் கொண்டுவாங்கோ” என்றேன். வீட்டுப்பாடம் வேண்டாம் என்பார்கள், பெருந்தன்மையாகச் சிரிக்கலாம் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

சபாநாயகர் எழும்பினாள். “ஆண்டு விழாவிலை மேடையிலை ஆரும் மூண்டு நிமிசத்துக்கு மேலை பேசக்கூடாது.”

விழாவுக்கு இன்னும் மூன்று கிழமை. வரவேற்புரை என்னுடையது. பதினெட்டுப் பக்கம், என் பைக்குள் இருந்தது. பெட்டி ஏற்றுகிறவன் கையில் ஒலிவாங்கி கிடைப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

“ஏன் பிள்ளை, பேச்சிலை என்ன பிழை?”

“போன வருசம் மயில் உடுப்போடை திரைக்குப் பின்னாலை நிண்டனாங்கள், சேர். ஒராளுக்கு ஒண்டுக்கு வந்திட்டுது. தோகை கட்டினபடியாலை போகவும் ஏலாது. பேசினவர் நிப்பாட்டவே இல்லை.”

“ஆர் அப்பிடிப் பேசினது?” என்று உண்மையான கோபத்தோடு கேட்டேன்.

பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

மூன்றை முப்பது ஆக்கலாமே என்று ஒரு திருத்தம் சொன்னேன். கிராண்ட் டியூக் சபைக்குள் வாயே திறக்கக்கூடாது என்றார்கள். என் காரில் வீடு திரும்புகிற பிள்ளை எழும்பி, “அப்ப நான் கேக்கிறன்” என்றாள். பக்கத்துப் பிள்ளை முறைக்க, “நான் சேரின்ரை காரிலையெல்லோ போறனான்” என்று காரணமும் சொன்னாள். திருத்தத்துக்கு ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஐம்பத்தைந்து. பிறகு சட்டத்துக்கு அறுபது வாக்கும் விழுந்தது. கார்ப் பிள்ளையும் கை தூக்கினாள். போன வருடத்து அந்த மயில் அவள்தான்.

நான் கலங்கவில்லை. “நல்லது. ரெண்டாம் வாக்கெடுப்பு மூண்டு மாசத்தாலை” என்றேன். அதற்குள் விழா முடிந்து, மண்டபமும் கூட்டிக் கழுவியாகிவிடும்.

சபாநாயகர் கரும்பலகையைக் காட்டினாள். அரச ஆலோசனைச் சபை ஒத்துக்கொண்டால் மூன்று மாதமும் மிச்சம் என்ற வரி, நானே எழுதியது, அதுவும் மஞ்சள் நிறத்தில் கோடு போட்டு. பிறகு கதவைத் திறந்து, “அன்ரிமார், ரெண்டாம் தரமும் வாக்குப் போட வேணுமோ?” என்று கேட்டாள்.

மற்றத் தாய்மார் என்ன விஷயம் என்று விசாரிக்கத் தொடங்குமுன்பே என் மனைவியின் குரல் வந்தது. “தேவையில்லைப் பிள்ளை! இஞ்சேருங்கோ, அந்தப் பேச்சை நான் குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டே நாலு தரம் கேட்டிட்டன். கையெழுத்தை வையுங்கோ.”

“வைக்காட்டி?” என்றேன்.

“ஏலாது, சேர்!” பன்னிரண்டு குரல். வைத்தேன்.

விழா அன்று மேடையேறினேன். இடது பையில் சட்டம், வலது பையில் அந்தப் பதினெட்டுப் பக்கம். முன்வரிசையில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த பிரதம விருந்தினர், மடியில் என்னுடையதைவிடத் தடித்த பேச்சுக் கட்டு. அவருக்குப் பக்கத்தில் சபாநாயகர், ஒரு கையில் நேரம் பார்க்கத் தொலைபேசி, மற்றக் கையில் சிவப்பு அட்டை. கையெழுத்து வைத்தேனே தவிர இன்னும் அறிவிக்கவில்லையே, அறிவிக்காத சட்டம் யாரைக் கட்டும் என்று ஒரு யோசனை ஓடியது. வலது கை தானாகவே பைக்குள் போனது. அப்போது பின்னால் திரைக்குள் தோகைகள் உரசுகிற சத்தம் கேட்டது. இடது பையில் இருந்ததை எடுத்து வாசித்தேன்.

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைக்காத கைதட்டல். பெற்றோர் எழும்பி நின்றே தட்டினார்கள். பிரதம விருந்தினர் தன் கட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக உருவி நாற்காலிக்குக் கீழே வைக்கத் தொடங்கினார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இந்த மகிழ்ச்சியில் இரண்டு வார்த்தை சொன்னால் என்ன என்று நினைத்து, வலது பையையும் திறந்து, “அன்பார்ந்த பெரியோர்களே” என்று ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தையும் புரட்டிவிட்டேன்.

சிவப்பு அட்டை எழும்பியது. என் வாய் திறந்தபடி நிற்க, திரையும் திறந்தது. மயில்கள் ஓடிவந்தன.

“சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றாள், என் காரில் வருகிறவள்.