ஆயிரத்து இருநூறு கோடி எர்க்

தென்காசிக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. வாத்தியார் என்று ஒருவர் வந்துவிட்டால் பட்டப்பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். விஞ்ஞான வாத்தியார் நாறும்பூநாதனுக்கு வைத்தது ‘எர்க் சார்’. கடையில் அரிசி வாங்கினால், அதை வீட்டுக்குச் சுமந்துபோக எத்தனை எர்க் சக்தி செலவாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிறாராம். உதடு ஓயாமல் அசைவதைப் பார்த்து, மனுசனுக்குப் படிப்பு முற்றிப்போச்சு என்று தெருவில் சிரித்தார்கள். அரிசியை எல்லாம் அவர் எங்கே நினைத்தார்? பதினோரு வருஷமாக அவர் போட்டுக்கொண்டிருந்தது ஒரு கல்லின் கணக்கு.

கல் விழுந்தது 1953, ஆனி மாதம், குற்றாலத்தில். அப்போது பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக இருந்த மசூது அவருக்கு உயிர்ச் சிநேகிதன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அந்த வேகத்தாலேயே கொஞ்சம் சூடேறும் என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை நாறும்பூநாதன் சொன்னதும் மசூது விழுந்து விழுந்து சிரித்தான். பல் கிட்டிப்போகிற குற்றாலத் தண்ணீரா சூடேறுகிறது என்று கேட்டான். அளந்தே பார்த்துவிடுவோம் என்று ஆளுக்கொரு வெப்பமானியோடு கிளம்பினார்கள்.

இருநூறு அடி உயரத்துக்குக் கால் டிகிரி கூடினாலே பெரிது. பள்ளிக்கூட வெப்பமானியில் அது தெரியவே தெரியாது. அது தெரிந்தும் போனார்களே, அதுதான் கொடுமை. குளிக்கிற கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஓரப் பாறையடியில் மசூது நின்றான். நாறும்பூநாதன் மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையில் ஏறி, விளிம்புக்கு வந்து, தண்ணீரைத் தொடக் குனிந்தார். காலடியில் ஒரு கல் புரண்டது. நேரே அருவி நடுவிலிருக்கும் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்திருந்தால் ஒன்றுமில்லை. அது ஓரமாகவே போயிற்று.

அவர் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு உருட்டிக்கொண்டு வந்த கல் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். சீசனில் அப்படி நடப்பதுதான் என்றார் ஒரு பெரியவர். இல்லை என்று சொல்ல நாறும்பூநாதனுக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தார். நாலரை ராத்தல், அதாவது நாலரை பவுண்டு இருக்கும்.

அன்றிரவே கணக்கு ஆரம்பித்துவிட்டது. நாலரை ராத்தல், இருநூறு அடி. பெருக்கினால் தொள்ளாயிரம் அடி-பவுண்டு. ஒரு ஆளைக் கொல்ல இது போதுமா, அதிகமா? அடி-பவுண்டில் பதில் இல்லை. பிறகு மெட்ரிக் வந்தது. அடியும் பவுண்டும் புத்தகத்தை விட்டுப் போய், எர்க்கும் ஜூலும் வந்து உட்கார்ந்தன. கல் புதிதாக விழுந்த மாதிரி ஆயிற்று அவருக்கு. ஆயிரத்து இருநூறு ஜூல். ஒரு ஜூலுக்கு ஒரு கோடி எர்க். ஒரு கொசு எழும்பிப் பறக்க ஏறத்தாழ ஓர் எர்க் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், அந்தக் கொசுக்களில் ஆயிரத்து இருநூறு கோடியை மசூதின் தலைமேல் ஏவிவிட்டதாக நினைத்து நடுங்குவார். கலோரியில் போட்டால் முந்நூறுகூட வராது, ஒரு தம்ளர் தண்ணீர் ஒன்றரை டிகிரி சூடாகும், அவ்வளவுதான். மின்சார யூனிட்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. மீட்டர் முள் அசைந்தது கண்ணுக்கே தெரியாது. பாவம் கனத்த நாளில் யூனிட்டில் போட்டுப் பார்ப்பார், கொஞ்சம் மூச்சு வரும். மூச்சு வந்ததே என்று வெட்கமாகி மறுபடி எர்க்குக்குத் திரும்பிவிடுவார்.

மசூதின் மனைவி ஹைருன் பீவி வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது போவார். அவள் அவரைக் கூடப்பிறந்தவராகவே வைத்திருந்தாள். எந்தக் காரியமும் அவரைக் கேட்டுத்தான். உண்மையைச் சொன்னால் அந்த வாசல் அடைத்துவிடும். சொல்லாமல் அவள் கையால் டீ வாங்கிக் குடிப்பதோ அதைவிடப் பெரிய தண்டனை.

1964இல் அந்த வீட்டுக்குக் கரண்ட் இழுத்தார்கள். அந்தத் தெருவில் முதல் விளக்கைக் கைராசிக்காரர் ஒருவரை விட்டுப் போடச் சொல்வது வழக்கம். ஹைருன் பீவி சொல்லி அனுப்பினாள். சாயங்காலம் அவர் போனபோது ஆண்கள் மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். அடுப்படியில் பெண்கள் பேச்சு கேட்டது. கூடத்தில் புது ஒயரில் ஒரு நாற்பது வாட் பல்பு தொங்கியது.

“அவுக இருந்தா அவுகதான் போடுவாக அண்ணாச்சி. அவுகளுக்குப் பெறவு நீங்கதான்” என்றாள் ஹைருன் பீவி.

அவர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். ஆயிரத்து இருநூறு ஜூல், நாற்பது வாட். கணக்கு தானாக வந்து நின்றது. முப்பது நொடி. இந்தப் பல்பு முப்பது நொடி எரிந்தால் ஒரு கல். கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

“தங்கச்சி, அந்தக் கல்லு ஆத்துல வரல” என்றார். “என் காலு பட்டு உருண்டுது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம் இவர். பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் கணக்கையும் சொல்லிவிட்டார், எர்க்கிலிருந்து பல்பு வரைக்கும் ஒன்று விடாமல். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியில் முப்பது நொடி என்று சொல்லும்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எண்ணுங்க” என்று சொல்லி, அவளே சுவிட்சைப் போட்டாள்.

கூடம் வெளிச்சமாயிற்று. அடுப்படியிலிருந்து பெண்கள் சந்தோஷமாக ஏதோ சொன்னார்கள். நாறும்பூநாதன் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். முப்பதில் அவள் விளக்கை அணைத்தாள்.

“இம்புட்டுதானா?” என்றாள். அவரைக் கேட்ட மாதிரி இல்லை. பல்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு திரும்பினார். போகச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தார். அதற்கு அவர் தயாராகவும் இருந்தார்.

“இன்னொருக்க எண்ணுங்க அண்ணாச்சி” என்றாள். மறுபடி விளக்கு எரிந்தது.

பதினேழு வரை எண்ணினார். அதற்குமேல் எண்ண முடியவில்லை. ஹைருன் பீவி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், மிச்சப் பதிமூன்றையும் தானே சத்தமாக எண்ணினாள்.