தாவெட்டி வாய் திறந்த வாரம்

ஹில்க்கா பிறவியிலேயே சந்தேகப் பிராணி அல்ல. ஆராய்ச்சிக்கூடம்தான் அவளை அப்படி ஆக்கியது. வடகோடிப் பனி நாட்டு ஊலு நகரத்தில், சதுப்பு நில மண்ணைக் கிளறுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நாற்பதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லை. இரண்டிரண்டு வருட ஒப்பந்தங்களுக்குள்தான் கல்யாணம் செய்தாள், விவாகரத்தும் வாங்கினாள், ஒரு நாய் வளர்த்து அதைப் புதைக்கவும் செய்தாள். இப்போதைய ஒப்பந்தம் பனி உருகும்போது முடிகிறது. அதை நீட்டுவாரா மாட்டாரா என்பது பேராசிரியர் தாவெட்டியின் வாயில் இருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த வாய் திறக்காது.

தாவெட்டி ஊமை இல்லை. "ம்" என்பார். அபூர்வமாக "மோசமில்ல" என்பார். அதை வாங்கியவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவருவார். கட்டுரையைச் சிவப்பு மையால் குதறிக் கொடுத்தால் ஆள் மேல் அக்கறை என்று பொருள். இந்தப் பாஷை எல்லோருக்கும் பழகிப்போய், கூடம் நிம்மதியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கையில் நிர்வாகம் துறைத்தலைவர்களை ஒரு காட்டு விடுதிக்கு அழைத்துப்போய், மனிதர்களிடம் பேசுவது எப்படி என்று பயிற்சி கொடுத்துத் தொலைத்தது.

திங்கட்கிழமை காலை தாவெட்டி காபி அறைக்குள் வந்தார். ஹில்க்காவின் எதிரே நின்று தொண்டையைச் செருமினார்.

"ஹில்க்கா, நீ இந்தக் கூடத்துக்குக் கிடைச்ச பொக்கிஷம்."

அறையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. ஹில்க்காவின் முகம் வெளிறிவிட்டது.

"குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வச்சுட்டு வந்துட்டேன்" என்று ஓடியேவிட்டாள்.

பின்னாலேயே ஓத்சோ வந்தான். அவளுடைய பக்கத்து மேசைக்காரன்; துக்கம் விசாரிப்பதில் கெட்டிக்காரன்.

"பொக்கிஷம்னா சொன்னாரு?"

"ஆமா."

"போச்சு. பொக்கிஷத்தை எங்க வைப்பாங்க? மண்ணுக்குள்ளதான்."

"வாய மூடுடா."

"எங்க மாமாவை மரஆலையில வேலையை விட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி சும்மா கை குலுக்குனாங்க, அவ்வளவுதான். உனக்குப் பாராட்டு விழாவே நடத்துறாரே!"

செவ்வாய்க்கிழமை நடைவழியில் "உன் பொறுமை இருக்கே..." என்று தாவெட்டி ஆரம்பித்ததுமே அவள் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டாள். அவர் வெளியே கொஞ்ச நேரம் நின்றது கதவுக்கடியில் தெரிந்த காலணியிலிருந்து தெரிந்தது. வந்த ஆள் போகமாட்டேன் என்கிறாரே! இது சாதாரண அனுப்புதல் இல்லை, மரியாதையோடு அனுப்புதல் என்று அவள் முடிவு கட்டினாள்.

புதன்கிழமை மதியம் வண்டி நிறுத்துமிடத்தில், மூச்சு உறைகிற குளிரில், மறுபடி வந்தார்.

"ஹில்க்கா, உன் நேர்மை..."

அவள் தாவி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி விரட்டினாள். இயந்திரத்தைச் சூடாக்கக் கம்பத்தில் செருகியிருந்த மின்வடத்தைக் கழற்ற மறந்திருந்தாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, வடம் அறுந்து, அணைந்து நின்றது.

தாவெட்டி அறுந்த முனையைக் கையில் பிடித்தபடி, வழுக்காமல் குட்டி குட்டி எட்டு வைத்து வந்தார். தப்பிக்க வழியில்லை. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"சுத்தி வளைக்காம சொல்லிடுங்க, தாவெட்டி. என்னை அனுப்புறீங்க, அதானே?"

"அனுப்புறதா?"

"பின்ன எதுக்கு மூணு நாளா துரத்துறீங்க?"

"முதல்ல பாராட்டணும், நடுவுல விஷயத்தைச் சொல்லணும், கடைசில மறுபடி பாராட்டணும்னு அந்தப் பயிற்சியில சொல்லிக்கொடுத்தாங்க." அவருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. "நீ முதல் பாராட்டுலயே ஓடிடுற. நான் எப்பதான் நடுவுக்கு வர்றது?"

"நடுவுல என்ன இருக்கு?"

"ரெண்டு வருஷம் நீட்டியாச்சு. கையெழுத்தும் ஆச்சு. இப்ப கடைசிப் பாராட்டு..."

"அய்யோ, வேண்டாம்!"

கண்ணாடி ஏறியது; வண்டி இருமிக்கொண்டே மறுபடி கிளம்பியது. தாவெட்டி அங்கேயே நின்று, கடன் தீர்ந்தவர் போலப் பெருமூச்சு விட்டார்.

பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி ஹில்க்கா ஓத்சோவை அழைத்தாள்.

"நீட்டிட்டாருடா. ரெண்டு வருஷம்."

"அடி சக்கை! சரி, கடைசிப் பாராட்டு என்ன?"

"கேக்கல. வேண்டாம்னுட்டேன்."

ஓத்சோ துக்கம் விசாரிக்கிற குரலுக்கு இறங்கினான்.

"நல்ல சேதியை யாராவது நடுவுல ஒளிச்சு வைப்பாங்களா, ஹில்க்கா? நெசமான விஷயம் கடைசிலதான் இருந்திருக்கும்."

"அது வெறும் பாராட்டுடா."

"முதல்ல சொன்னதையும் நீ அப்படியா நினைச்ச?"

ஹில்க்கா போனை வைத்தாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, வண்டியைக் கூடத்தை நோக்கித் திருப்பினாள்.