வாய் பேசாமல் கேட்ட கத்தரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வில்கமுவவுக்குப் போகும் வழியில் நடந்தது இது. நான் மாத்தளை டவுனில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். மறுநாள் கல்யாணம் வைத்திருந்த அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஜாக்கெட்டுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிற எனக்கு, என் ஷாலின் முனை எங்கே தொங்குகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

வயலோரமாகப் போகும்போது யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. அடுத்த கணம் தரையில் கிடந்தேன். ஷால் பின்சக்கரத்துச் செயினில் சுற்றிக்கொண்டு கழுத்தை இறுக்கியது. கணவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் அதை இழுத்தார், இன்னும் இறுகியது. சக்கரத்தைப் பின்னால் உருட்டிப் பார்த்தார், அசையவில்லை. எனக்கு மூச்சும் இல்லை, குரலும் இல்லை.

வரப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த சிங்கள விவசாயி ஒருவர் ஓடி வந்தார். தங்கமான மனிதர்தான், ஆனால் கையில் முழ நீளக் கத்தி. அது என் காதுக்குக் கீழே வந்தபோது, ஷாலுக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று நடுங்கினேன். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

என் கை தானாக உயர்ந்தது. இரண்டு விரல்களை விரித்து மூடினேன். தைக்கும்போது வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வீட்டில் நான் கத்தரி கேட்பது அப்படித்தான்.

"கத்திய அந்தப் பக்கம் எடுங்க! அவ கத்தரி கேக்குறா!" என்று கணவர் அலறினார். விவசாயிக்குத் தமிழ் தெரியுமோ என்னமோ, அந்தக் குரலுக்கே கத்தியை விலக்கிக்கொண்டார்.

நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். "கோயிலுக்கு வந்தாலும் இத விடமாட்டா" என்று கேலி பண்ணுகிற அதே ஆள், பையைத் தரையில் கொட்டி அதைத் தேடியெடுத்து என் கையில் வைத்தார். முறுக்கிய துணியை அது வெட்டாது. ஆனால் பருத்தித் துணியின் ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்தால் போதும், நேராகக் கிழியும். கழுத்தைத் தடவி ஓரத்தைக் கண்டுபிடித்து வெட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தார். துணி கிழிகிற சத்தம் எனக்குப் பழகியதுதான், அன்றைக்குப் போல அது என்றும் இனித்ததில்லை.

விவசாயி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஜாக்கெட்டுகளை அன்றைக்கே கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம்.

இப்போதும் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு இரண்டு விரலை அசைக்கிறேன். முன்பெல்லாம் "இரு, வர்றேன்" என்று சொல்லும் கணவர், இன்று பாதிச் சாப்பாட்டிலும் எழுந்து வந்து கத்தரியை நீட்டுகிறார். அதை வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சை ஆழமாக இழுத்துக்கொள்கிறேன்.