கைச்சூடு

சோதனைக்கூடத்தில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக மருந்துக் குப்பிகளைக் கறுப்புத் தட்டிக்கு முன்னால் விளக்கடியில் தூக்கிப் பார்ப்பது அவள் வேலை. கலங்கல் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த முறை வந்தது கண்ணுக்குள் போடும் ஊசி. தண்ணீரில் கரையமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மருந்து. அதைத் தண்ணீரோடு சேர்த்துவைக்க அயனியற்ற சர்ஃபேக்டன்ட் ஒன்றைக் கலந்திருந்தார்கள். மின்னேற்றம் இல்லாத சாது, கண்ணை உறுத்தாது. கூடத்தில் அதற்குத் தரகர் என்று பேர். இந்தத் தடவை கூடவே ஒரு உப்பும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அந்த ஊசியைச் சோதனையாகப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர்களில் முதல் ஆள் அவளுடைய அண்ணன். அவர்கள் வீட்டில் ஐம்பது தாண்டினால் கண்ணில் வெள்ளைப் புகை இறங்கும். அம்மாவுக்கு இறங்கியது. அண்ணனுக்கு ஒரு கண் போய், மிச்சக் கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. அவளுக்குப் போன மாதம்தான் ஐம்பது முடிந்தது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பிக்கு வெளியே வியர்க்கும். அரைமணி நேரம் மேசையில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. கழுகுக்கு ஏது பொறுமை? உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, துடைத்துவிட்டுத் தூக்கினாள். உள்ளே வெள்ளை படர்ந்திருந்தது.

மூடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தலைமை ஆய்வாளரிடம் ஓடினாள். அவர் மேசையில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் வெள்ளை போய்விட்டது.

“சுத்தமாத்தானே இருக்கு? வயசாகுதுல்ல, கண்ணைக் காட்டிட்டு வாங்கம்மா.”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்கு அம்மாவின் கண்ணில் இறங்கிய புகை நினைவுக்கு வந்தது.

மூன்று நாளும் அப்படித்தான். அவள் தனியாக இருக்கும்போது வெள்ளை வரும். இன்னொருவர் வந்தால் ஒளிந்துகொள்ளும். கண் போய்விட்டது என்று தெரிந்தால் அவள் பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து பார்ப்பார்கள். அண்ணனுக்கு அவ்வளவு நாள் தாங்காது. மூன்று நாளும் ‘தெளிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மருந்து ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் காலை கண் மருத்துவரிடம் போனாள். “உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை” என்றார் அவர்.

தெருவில் இறங்கியபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது. பாதி வழியில் கால் நின்றுவிட்டது. அப்படியானால் அந்த வெள்ளை எங்கே இருந்தது?

கூடத்துக்கு ஓடினாள். மாதிரிக்கு எடுத்துவைத்திருந்த குப்பிகளில் ஒன்றை மேசையில் வைத்தாள், இன்னொன்றைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது வெளுத்தது. கீழே வைத்ததும் தெளிந்தது. சூடு ஏறினால் தரகர் பிரிந்துபோய்த் திரவம் கலங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொதிக்கிற சூட்டில்தான் என்று நம்பியிருந்தார்கள். புதிதாகச் சேர்த்த உப்பு அந்த அளவைக் கைச்சூட்டுக்கு இறக்கிவிட்டது. கண்ணுக்குள்ளும் அதே சூடுதான்.

அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணா, ஊசி போட வேண்டாம்னு சொல்லு!”

“போட்டாச்சு பாப்பா. வலியே இல்லை. நீ பார்த்து அனுப்பின மருந்தாச்சே, பயமில்லாமப் படுத்துட்டேன்.” பிறகு மெதுவாகக் கேட்டான். “ஏன் பாப்பா, இந்த ரூம்ல யாராவது புகை போட்டாங்களா?”